தூண் ஓரத்து நாற்காலி

நூலகவியலில் முதுகலை சேரப்போவதாகச் சொன்னதும் டோக்கன் அக்காவிடம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "புத்தகம் அடுக்கறதுக்கு ஒரு டிகிரியா?" தம்பி கேட்டான். மருத்துவமனையின் மருந்து கவுன்டர்க்காரர் கேட்டார். கல்லூரியில் சேர்க்கை வரிசையில் முன்னால் நின்ற ஒருவரும் கேட்டார். அவருடைய மகள் அதே படிப்புக்குத்தான் விண்ணப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அடுக்கறது யார் வேணா அடுக்கலாம் சார். அடுக்கினதுல இருந்து கேட்டதை எடுத்துக் குடுக்கணுமே, அதுக்குத்தான்" என்றார் அக்கா. மகள் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

அக்காவுக்கு டோக்கன் என்ற பட்டப்பெயர் மருத்துவமனையின் வெளிநோயாளிகள் கூடத்தில் வந்தது. பல வருஷங்களாக அங்கே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி பாதி நாள் வேலை செய்யாது. வேலை செய்யும் நாளில் அது சொல்வது யாருக்கும் புரியாது. ஆகவே தொண்டைதான் ஒலிபெருக்கி. கடைசியில் அதே மருத்துவமனையின் தொண்டை டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே கத்தினீங்கன்னா குரலே போயிடும்மா. சத்தம் போடக் கூடாத வேலையாப் பாருங்க" என்றார். சத்தம் போடக் கூடாத வேலை என்றதும் அக்காவுக்கு ஒரே இடம்தான் நினைவுக்கு வந்தது. நிர்வாகம் விடுப்பு கொடுத்தது. மருத்துவமனையின் பதிவறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. முதல் பருவம் தேறினால் அது அவருக்கு. தேறாவிட்டால் மறுபடி கண்ணாடிக்குப் பின்னால்.

குரல் கெட்டாலும் கண் கெடவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. கூடத்தை ஒரு தடவை தலை தூக்கிப் பார்த்தால் எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார். அதில் யார் நோயாளி, யார் துணைக்கு வந்தவர், யார் மின்விசிறிக்காக வந்து உட்கார்ந்தவர் என்பதும் தெரியும். டாக்டர்கள் உள்ளேயிருந்து ஆள் விட்டுக் கேட்பார்கள்: "டோக்கன், இன்னும் எத்தனை?" அவர் சொன்ன எண்ணிக்கை பிசகியதில்லை.

அது பிசக ஆரம்பித்துவிட்டதோ என்ற பயம் முதல் பருவத்தின் நடுவில் வந்தது. அந்தப் பயத்துக்கு வீட்டிலேயே காரணம் இருந்தது.

அவருடைய அம்மாவுக்கு, இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள். வயது அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. அறுபதைத் தாண்டிக் கொஞ்ச காலத்திலேயே தொடங்கிவிட்டது. முதலில் சோபாவின் ஓரத்தில் ஒருவர். பிறகு இருவர். அவர்கள் பேசுவதில்லை. அம்மா அவர்களுக்கு வழிவிட்டு நடப்பார், அவர்கள் காலில் இடிக்காமல் பெருக்குவார். சில நேரம் காற்றிலிருந்து எதையோ எடுத்து, உதறி, மடித்து மடியில் வைப்பார். துணி மடிக்கிற மாதிரியே இருக்கும். துணி மட்டும் இருக்காது. கண் டாக்டர் கண்ணில் குறையில்லை என்றார். மூளை டாக்டர், சில குடும்பங்களில் இது பிள்ளைகளுக்கும் வரலாம் என்று சொல்லிவிட்டு, உடனே கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவுக்கு அப்போது நாற்பது முடிந்திருந்தது.

வகுப்பில் முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். "உக்காருங்க, உக்காருங்க, நானும் உங்க கூடத்தான்" என்று சொல்லிவிட்டுப் பின் வரிசையில் இடம் பிடித்தார். இரண்டு பேர் ஆன்ட்டி என்றார்கள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா என்றதும் திரும்பினார். அன்றோடு அந்த விஷயம் தீர்ந்தது.

படிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. உலகத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து ஓர் இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதே ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சமையலறையை வகைப்படுத்தினார். வேன் ஓட்டிவிட்டுப் பசியோடு வந்த தம்பி, "உப்பு எங்க?" என்று கத்தினான்.

"சுவைப்பொருள், தூள் வகை, வெள்ளை. மூணாவது தட்டு."

"அதுல சோடா மாவு இருக்கு."

"அதுவும் தூள், அதுவும் வெள்ளைதானே. பக்கத்துல பாரு."

"அக்கா, நீ டிகிரி வாங்கறதுக்குள்ள நான் விஷம் குடிச்சிடுவேன். வேணும்னு இல்ல, தப்பா எடுத்து."

பயனாளர் ஆய்வு என்றொரு பாடம். அதில்தான் சிக்கல் தொடங்கியது. நூலகத்துக்கு வருகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். கல்லூரிக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு பொது நூலகம். மாடியில் பெரிய வாசிப்புக் கூடம். முன்பக்கம் நீள மேசைகள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பெருமூச்சுகள், தண்ணீர் பாட்டில்கள். பின்பக்கம் வருஷவாரியாகத் தைத்துக் கட்டிய பழைய இதழ்களின் அலமாரிகள், கூரை வரைக்கும். கடைசி அலமாரிக்குப் பின்னால், தூண் ஓரமாக, சிறிய மேசை ஒன்றும் நாற்காலி ஒன்றும். அங்கே போக ஒரே வழி; போன வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். பேருந்துப் பணிமனையைப் பார்த்த சன்னலிலிருந்து அதன்மேல் சாம்பல் வெளிச்சம் விழும்.

கணக்கெடுப்புக்கு விதிகள் உண்டு. பேராசிரியர் அவற்றைக் கரும்பலகையில் எழுதி, எழுந்து நின்று படிக்க வைத்தார். கையில் கூடத்தின் வரைபடம். வாசலில் தொடங்கிக் குறித்த பாதையில் ஒரே சுற்று. நாற்காலியில் ஆள் இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். நிற்கக் கூடாது. பேசக் கூடாது. கடந்த நாற்காலியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஒரே ஆளை இருமுறை எண்ணிவிடும் அபாயம். இருவர் இருவராகப் போக வேண்டும். ஒருவர் சுற்றிவிட்டு வந்ததும் அடுத்தவர். இருவரும் தாள்களை ஒப்பிடாமல் தனித்தனி உறையில் போட்டுவிட வேண்டும். வார முடிவில் பேராசிரியர் பிரித்துப் பார்ப்பார். இரண்டு தாள்களும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ ஒருவர் கண்ணில் கோளாறு.

"கண்ணுல கோளாறு" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அக்காவுக்கு ஜோடியாகக் கிடைத்தவன் ஹெட்போன். கழுத்தைச் சுற்றி எப்போதும் அதை மாட்டியிருப்பான். காதில் வைத்து யாரும் பார்த்ததில்லை. கதவுக்குக் குனிந்து நுழைகிற உயரம், கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறுகிற தைரியம். "நீங்க முதல்ல போங்கக்கா, நான் பின்னாடியே வரேன்" என்பான் எல்லாவற்றுக்கும், கேன்டீன் வரிசை நீங்கலாக.

முதல் சுற்றிலேயே அக்கா அந்தப் பெரியவரைப் பார்த்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. முதுகு வளையாமல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். இடது முழங்கை மேசைமேல் அழுந்தியிருந்தது, தடித்த புத்தகம் மூடிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிறவரைப் போல. வலது விரல் வரி வரியாக நகர்ந்தது. அக்கா தூண் ஓரத்துக் கட்டத்தில் ஒன்று என்று போட்டுவிட்டு நடந்தார்.

மூன்றாவது சுற்றிலோ நான்காவதிலோதான் கவனித்தார். மேசையில் புத்தகம் இல்லை.

விரல் நகர்ந்தது. கீழே வந்து நின்றது. பெரியவர் கையைத் தூக்கி, எதிலும் படாத ஒரு மூலையைப் பிடித்து, பக்கத்தைப் புரட்டினார். பிறகு உள்ளங்கையால் நடுமடிப்பை மேலிருந்து கீழாக அழுத்தித் தடவினார். தைத்துக் கட்டிய புத்தகம் விரிந்து கிடக்க அப்படித் தடவித்தான் ஆக வேண்டும். பக்கம் புரண்ட சத்தம் இல்லை. சட்டை உரசிய சத்தமும் இல்லை. பணிமனையில் பேருந்து பின்வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா பயந்தது பேய் என்று நினைத்து அல்ல. காற்றிலிருந்து எதையோ எடுத்து உதறி மடிக்கும் ஒரு ஜோடிக் கையை அவர் தினமும் வீட்டில் பார்க்கிறார். நிற்கக் கூடாது என்பது விதி. நிற்காமல் நடந்தார். பென்சில் ஒன்று என்று போட்டது.

வார முடிவில் பேராசிரியர் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரொம்ப சுத்தமான வேலை. எல்லா இடமும் ஒத்துப்போகுது. ஒரே ஒரு இடம் தவிர. தூண் ஓரம். இவங்க எல்லாச் சுற்றுலயும் ஒன்னு போட்டிருக்காங்க. நீ எல்லாச் சுற்றுலயும் பூஜ்யம்."

ஹெட்போன் தன் செருப்பைப் பார்த்தான்.

"ஒருவேளை இவங்க போய்ட்டு வந்ததும் அவர் எழுந்து போயிருக்கலாம் மேடம்" என்றான்.

"ஒவ்வொரு தடவையுமா? கடிகாரம் வெச்சுக்கிட்டா?" பேராசிரியர் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க ஆளைப் பார்த்துதான் போட்டீங்களா?"

"பார்த்துதான் மேடம்."

"சரி. இன்னும் ஒரு வாரம் எடுங்க. இதே மாதிரி வந்தா ரெண்டு பேர் கணக்கையும் சேர்த்துக்க முடியாது. செய்முறை மதிப்பெண் போயிடும்."

பேருந்தில் வீடு திரும்பும்போது அக்கா இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டார். மதிப்பெண் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. முன்னிருக்கைகளில் தெரிந்த தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிவிட்டு, நடத்துநர் எத்தனை பேருக்குச் சீட்டுக் கொடுத்திருப்பார் என்று கேட்கலாமா என யோசித்தார். கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவர் இன்னும் கூர்ந்து பார்த்தார். ஒரு நாள் மதியச் சுற்று முடிந்த பிறகு, விதிக்கு வெளியே, அலமாரிச் சந்தின் வாயிலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெரியவர் உள்ளே இருக்கிறார். இதோ பார்த்துவிட்டு வந்தாயிற்று. வெளியே வர வேறு வழி இல்லை. வரும்போது எழுந்து வணக்கம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் கூடம் காலியாகத் தொடங்கியது. யாரும் வெளியே வரவில்லை. நூலக உதவியாளர் சன்னல்களைச் சாத்த உள்ளே போனார். ஒரு பாட்டை முணுமுணுத்தபடி அப்படியே திரும்பி வந்தார்.

"உள்ளே யாரும் இல்லையா சார்?"

"அங்கயா? அங்க யாரும்மா உக்காருவாங்க. விளக்கே எரியாது." அவர் சாவிக்கொத்தை ஆட்டினார். "ஏன், உங்க கூட வந்தவங்க யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

அக்காவிடம் கைபேசி இருந்தது. ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். மறுநாள் அதைக் கைப்பையில் போட்டபடி தூண்வரை போனார், கையை உள்ளே விட்டார், வெளியே எடுக்கவில்லை. வாசகர்களைப் படம் எடுக்கக் கூடாது என்பதும் விதிதான், அதைத் தனக்குச் சொல்லிக்கொண்டார். உண்மை வேறு. படத்தில் வெறும் நாற்காலி இருந்துவிட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

அன்று அவர் கடக்கும்போது பெரியவர் புரட்டுவதை நிறுத்தினார். விட்ட வரியில் ஆள்காட்டி விரலை ஊன்றி அடையாளம் பிடித்துக்கொண்டார், யாராவது குறுக்கே வந்தால் படிக்கிறவர்கள் செய்வது போல. தலையை நிமிர்த்தவில்லை. காத்திருந்தார். அக்கா அந்த நான்கு தப்படியையும் மூச்சு விடாமல் கடந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் பாதியை மட்டும் தம்பியிடம் சொன்னார்: நூலகத்தில் ஒருவர் எனக்குத் தெரிகிறார், கூட வருகிற பையனுக்குத் தெரியவில்லை.

"அக்கா, நீயும் ஆரம்பிச்சிடாத. ஒரு சோபாதான் இருக்கு" என்றான் தம்பி. சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான். வழக்கமாக அவன் தொடுவதில்லை. மறுநாள் காலை வேன் சாவியை எடுத்துக்கொண்டே, மூளை டாக்டரிடம் வருகிற வாரம் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னான். "அம்மாவுக்குத்தான்" என்றான். அம்மாவுக்குப் போன வாரம்தான் பார்த்திருந்தார்கள்.

அவன் போன பிறகு அக்கா அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, அவங்க இப்ப இருக்காங்களா?"

"இருக்காங்க."

"பயமா இல்லையா உனக்கு?"

"எதுக்கு? வராங்க, உக்காந்திருக்காங்க, போறாங்க. நீங்க ரெண்டு பேரும் பார்க்கற மாதிரி அவங்க என்னைப் பார்க்கறதில்ல." அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "அதான்டி நல்லா இருக்கு."

அக்கா சோபாவின் ஓரத்தையே வெகுநேரம் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. அது ஆறுதலா இல்லையா என்று அவருக்குப் புரியவில்லை.

அந்த வாரம் வகுப்பில் வாசகரிடம் கேள்வி கேட்கும் முறையைப் பழக்கினார்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்கக் கூடாது. பதிலை வாயில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. 'சமையல் புத்தகமா வேணும்?' என்றால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். 'என்ன தேடறீங்க, சொல்லுங்க' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொள்வதுதான் கஷ்டம் என்றார் பேராசிரியர்.

கேன்டீனில் ஹெட்போன் வடிகட்டாத மாதிரி இருந்த காபியைக் கலக்கிக்கொண்டிருந்தான். அக்கா எதிரில் போய் உட்கார்ந்தார். 'அங்கே ஒரு பெரியவரைப் பார்த்தாயா' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார். அவன் நல்ல பையன்; பரிதாபப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

"தூண் ஓரத்துல என்ன பார்த்த, சொல்லு" என்றார். வாயை மூடிக்கொண்டார்.

"ஒன்னும் இல்லக்கா. பூஜ்யம்தான் போட்டிருக்கேனே."

அக்கா பேசவில்லை.

"காலியா இருந்துச்சுக்கா."

அக்கா அப்போதும் பேசவில்லை. ஹெட்போன் கரண்டியைக் கீழே வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"நான் அங்க போறதே இல்ல" என்றான்.

"..."

"முதல் நாள் ஒரு தடவை போனேன். அதுக்கப்புறம் போகல. அலமாரிக்கு இந்தப் பக்கமே நின்னு பூஜ்யம் போட்டுட்டு வந்திடுவேன். மேடம்கிட்ட சொல்லிடாதீங்க, பெயில் பண்ணிடுவாங்க."

"முதல் நாள் என்ன பார்த்த?"

அவன் குரல் இறங்கிவிட்டது. "ஒருத்தர் படிச்சிட்டிருந்தார். புத்தகம் இல்லக்கா. புத்தகமே இல்லாம பக்கம் திருப்பறார். திருப்பிட்டு இப்படி..." உள்ளங்கையால் மேசையை மேலிருந்து கீழாக அழுத்தித் தடவிக் காட்டினான். "நான் வந்தது தெரிஞ்சதும் நிறுத்திட்டார். படிச்ச இடம் விட்டுப் போயிடக் கூடாதுன்னு விரலை ஊனி வெச்சுக்கிட்டு, நான் போறதுக்காகக் காத்திட்டிருந்தார். ஓடியே வந்துட்டேன். வந்து, பயத்துல பூஜ்யம் போட்டுட்டேன்."

விரலை ஊன்றியதை அக்கா ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சத்தம் போடக் கூடாத தொண்டை, சிரிப்பு விக்கல் விக்கலாக வந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன.

"அப்போ இருக்கார்டா!"

"இருக்கார்க்கா! அதுதானே பயமே!"

"உனக்கு அது பயம். எனக்கு..." அவரால் முடிக்க முடியவில்லை. அவன் காபியைப் பிடுங்கிக் குடித்தார். "எழுந்திரு. மேடம்கிட்ட போகலாம்."

"அக்கா, பெயில்..."

"நீ பெயில் ஆகு. நான் பைத்தியம் ஆகறதை விட அது பரவாயில்ல."

பேராசிரியர் முழுவதையும் கேட்கவில்லை. போகாத இடத்தில் பூஜ்யம் போட்டான் என்ற வரியிலேயே அவருக்குக் கோபம் ஏறிவிட்டது.

"போகலன்னா கோடு போடணும். கோடுன்னா 'பார்க்கல'ன்னு அர்த்தம். பூஜ்யம்னா என்ன அர்த்தம்?"

"பார்த்தேன், இல்லைன்னு மேடம்."

"பார்க்காம எப்படிடா இல்லைன்னு சொல்லுவ? அதைத் தவிர வேற என்ன சொல்லிக் குடுத்தேன் இந்தப் பருவம் பூரா?" அவர் கைப்பையை எடுத்துக்கொண்டார். "இப்பவே வாங்க. என் முன்னாடி ஒரு சுற்று. அவங்க முதல்ல, அப்புறம் நீ. பாதியில திரும்பினா நேரா வீட்டுக்குப் போயிடு."

மதிய நேரம். கூடத்தில் வழக்கமான பெருமூச்சுகள். அக்கா வரைபடத்தோடு புறப்பட்டார். அலமாரிகளைக் கடக்கக் கடக்க முன்பக்கத்துச் சத்தம் யாரோ கதவைச் சாத்துவது போலக் குறைந்தது. பெரியவர் இருந்தார். வலது கைப்பக்கம் மிச்சமிருந்த பக்கங்கள் குறைவுதான் என்பது அவர் கை தாழ்ந்து எடுத்த விதத்தில் தெரிந்தது. அக்கா ஒன்று போட்டார். வெளியே வந்து தாளை மடித்துப் பேராசிரியரிடம் கொடுத்தார்.

ஹெட்போன் உள்ளே போனான். போகும்போது ஹெட்போனைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனான். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவன் பூஜ்யம் போட்டுவிட்டு வந்தால்? கேன்டீனில் சொன்னது எல்லாம் யார் சொன்னதோ என்று ஒரு கணம் மனதில் ஓடியது. அவன் நிஜமாகவே சொன்னானா, சொன்னதாகத் தனக்கு மட்டும் கேட்டதா? அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், தொடக்கத்தில்.

ஹெட்போன் வந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. தாளை நீட்டினான்.

பேராசிரியர் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சில் முனையால் வரிசை வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனார். தூண் ஓரத்துக்கு வந்தார். பென்சில் அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே போனது.

"ஒன்னு. ஒன்னு" என்றார். "முழுசா ஒத்துப்போகுது."

அக்கா பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மூளை டாக்டரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்யச் சொல்லித் தம்பிக்கு அப்போதே செய்தி அனுப்பினார். "ஏன்?" என்று பதில் வந்தது. "ஆள் நிஜம்" என்று அடித்துவிட்டு, அதைப் படித்தால் அவன் இன்னும் பயப்படுவான் என்று தோன்றி அழித்தார். "கண்ணு நல்லா இருக்கு" என்று அனுப்பினார்.

"தினமும் வர வாசகரா? நானும் பார்க்கறேன்" என்று பேராசிரியர் எழுந்து போனார். செருப்புச் சத்தம் அலமாரிகளுக்கு நடுவே போய், நின்றது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் வேகமாக வரவில்லை. பென்சிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வெறும் கையோட உக்காந்திருக்கார்" என்றார். குரல் பாடம் நடத்தும் குரலாகவே இருந்தது. "இத்தனை நாளா ரெண்டு பேரும் எண்ணியிருக்கீங்க. ஒருத்தராவது என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"பேசக் கூடாதுன்னு நீங்கதானே மேடம்..."

"எண்ணும்போது பேசக் கூடாது. எண்ணி முடிச்சாச்சு."

ஹெட்போன், "நீங்க முதல்ல போங்கக்கா" என்றான். இந்த முறை அதில் வெட்கமே இல்லை.

அக்கா போனார். வரைபடமும் பென்சிலும் இல்லாமல் அந்தப் பாதையில் அவர் நடப்பது அதுவே முதல் தடவை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மற்ற இருவரும் கடைசி அலமாரிவரை பின்னால் வந்து, அங்கே நின்றுகொண்டார்கள்.

பெரியவர் விரலை ஊன்றிக் காத்திருந்தார். அக்கா கடந்து போகவில்லை. மேசைக்கு எதிரில் நின்றார். கிட்டத்தில் அந்தச் சட்டையில் பசை வாசனை அடித்தது, புதிதாகக் கட்டிய புத்தகத்தில் அடிப்பது.

"ஐயா, என்ன தேடறீங்க? சொல்லுங்க."

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். பேராசிரியர் சொன்னது சரி, மூடிக்கொள்வதுதான் கஷ்டம். பணிமனையில் ஒரு பேருந்து கிளம்பிப் போயிற்று. பெரியவர் விரலை எடுத்தார். மீதி இருந்த ஒரு பக்கத்தை அவசரமில்லாமல் படித்தார். அக்கா அது முடியும்வரை நின்றார். பிறகு அவர் இடது முழங்கையைத் தூக்கி, இரண்டு கையாலும் எதையோ மூடினார். மூடியபோது மேசைமேல் இருந்த தூசி கொஞ்சம் பறந்தது.

"முடிச்சிட்டேன்" என்றார். ரொம்ப நாளாகப் பேசாத குரல். "வாங்கிக்கிறதுக்கு யாரும் வரலை. அதான் திருப்பித் திருப்பிப் படிச்சிட்டிருந்தேன்."

இரண்டு கைகளையும் நீட்டினார். கையில் ஒன்றும் இல்லை.

அக்கா தயங்கியது ஒரு கணம்தான். பின்னால் இரண்டு ஜோடிக் கண்கள் இருக்கின்றன என்ற தைரியம் அவருக்கு. இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார். கைகள் முழங்கைவரை சட்டென்று கீழே இறங்கின. பின்னால் பேராசிரியர் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அக்கா முழங்காலை மடித்துச் சமாளித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நாற்காலி மேசைக்குள் தள்ளிவிடப்பட்டிருந்தது. அதில் யாரும் இல்லை.

அவர் திரும்பி நடந்தார். பேராசிரியர் வழிவிட்டு அலமாரியோடு ஒட்டிக்கொண்டார். ஹெட்போன் பின்வாங்கிப் பின்வாங்கி முன்னால் நடந்தான். திரும்பி வரும் புத்தகங்களை வைக்கிற தள்ளுவண்டி கூடத்தின் நடுவில் நின்றிருந்தது. அதன் மேல்தட்டு காலி. அக்கா குனிந்து, மெதுவாக வைத்து, விரல்களை அடியிலிருந்து உருவிக்கொண்டார். வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டு அரை வட்டம் உருண்டது.

"கனமா இருந்துச்சாக்கா?" ஹெட்போன் கிசுகிசுத்தான்.

"தடிப் புத்தகம்டா." அக்கா மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "பார்த்துட்டே நிக்கறியே, அந்தப் பக்கம் பிடி. வண்டி ஓடிடப் போவுது."